ஏழாவது கட்டத்தில் நான் எழுதியது

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் ஒரு பட்டியல் தர வேண்டும். பெஞ்சுகள் இத்தனை, அவற்றில் கால் ஆடுபவை இத்தனை. பீரோ இரண்டு, சாவி ஒன்று. சுவர்க் கடிகாரம், உலக உருண்டை, ஹார்மோனியம், வெண்கல மணி. பதினாறு ஆண்டுப் பதவியிலிருந்து இப்படித்தான் இறங்கினேன், வரிசை எண் போட்டுக்கொண்டு. எனக்குப் பின் வந்தவர் இளையவர், நல்லவர். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் அடித்தார். ‘சேர்க்கைப் பதிவேடுகள், ஐந்து’ என்ற வரி வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பீரோவின் கீழ்த்தட்டைக் கையால் காட்டினேன். அவரே குனிந்து எண்ணினார். ஒன்றையும் திறக்கவில்லை. டிக்.

அன்று காலையில்தான் வழியனுப்பு விழா. சால்வை, சந்தன மாலை, பழத்தட்டு. நிர்வாகக் குழுத் தலைவர் ஆங்கிலத்தில் பேசி, நடுநடுவே கன்னடத்தில் சிரிக்க வைத்தார். பள்ளியைக் கைபிடித்துப் புது நூற்றாண்டுக்குள் அழைத்து வந்தவர் என்றார் என்னை. தமிழர்கள் சேர்ந்து கட்டிய, அரசு உதவி பெறும் பள்ளி அது. அன்று மேடையில் ஒருவரும் ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசவில்லை. நன்றி சொன்னபோது நானும் பேசவில்லை. தடுத்தவர் யாரும் இல்லை. உட்கார்ந்து கேட்கத்தான் தமிழ்ப் பிரிவு என்று ஒன்று இல்லை. அது போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை இல்லாமல் ஆக்கியது யார் என்று அந்தக் கூடத்தில் எனக்குத் தெரியும். தெரிந்த இன்னொருவர் விழாவுக்கு வரவில்லை.

பெங்களூர் பிரேசர் டவுனில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வளாகம். முன்னால் கல் கட்டடம், அது இங்லீஷ் செக்‌ஷன். பின்னால் மங்களூர் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம், ஒன்றிலிருந்து ஏழுவரை தமிழ்ப் பிரிவு. நடுவில் ஒரு புங்கமரம், அதன் நிழல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விழும். மரத்துக்கு இருந்த நியாயம் எங்களுக்கு இருந்ததில்லை. கரும்பலகைக்கு வண்ணம் அடிப்பதென்றால் முன்கட்டடத்தில் ஆரம்பிப்போம், டப்பா அங்கேயே தீர்ந்துவிடும்.

தொண்ணூற்றொன்று ஜூனில் எச்.எம். ஆனேன். முப்பத்தேழு வயது. தலைமை என்றால் முன்னால் நடப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தவள். அது உட்கார்ந்திருப்பது. அது கதவைப் பார்த்தபடி இருப்பது. யாரோ எழுதிக் கொண்டுவருவதன் அடியில் உன் பெயரை எழுதுவது, பெயர் கிறுக்கலாகி, கிறுக்கல் பழக்கமாகி, பழக்கம் தூக்கமாகும்வரை.

அந்த டிசம்பரில் ஆற்றுத் தண்ணீருக்காகத் தமிழர்களுக்கு எதிராக ஊர் எரிந்தது. எரிந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. எங்கள் வாயில் பலகையில் மூன்று மொழிகளில் பள்ளியின் பெயர் இருந்தது. தமிழ் வரியின்மேல் நானே ஸ்டூல் போட்டு ஏறி, பழைய காலண்டர் ஒன்றைத் திருப்பி ஒட்டினேன். பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என் கலவரம். என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் ஓர் ஆட்டோ டிரைவர் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவருடைய மூத்த பெண் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மிஸ், ஒரு ஒத்தாசை பண்ணணும். பாப்பா பேரு இருக்கிற புக்குல நாங்க தமிழுன்னு எழுதியிருக்குதாமே?”

இருக்கிறது என்றேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஏழாவது கட்டம். மாத்ருபாஷை, தாய்மொழி. ஐந்தாவதில் தகப்பன் தொழில், ஆறாவதில் மதம் சாதி, ஏழாவதில் இது.

அதை மாற்றிவிடச் சொன்னார். பள்ளிக்கூடங்களில் போய் லிஸ்ட் எடுக்கப்போகிறார்களாம், அதை வைத்து வீடு வீடாக வருவார்களாம், ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு. அது வதந்தி. பதினாறு ஆண்டுகளில் அப்படி எந்த மனிதரும் எந்த லிஸ்டும் கேட்டு வரவில்லை. அன்றைக்கே எனக்கு அது வதந்தி என்று தெரியும். ஆனால் வெளியே என் பசையில் ஒட்டிய காலண்டர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று சொல்ல எந்த வாயோடு சொல்வது.

வேறு என்ன எழுத என்று கேட்டேன். யோசித்தார். கன்னடம் என்று போட்டால் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். உருது என்றால் பெயரோடு ஒட்டாது. ஏதோ காய்கறிக் கடையில் நிற்பதுபோல இருவரும் மொழிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

“தெலுங்குன்னு போட்டுடுங்க மிஸ். அவங்க மேல யாருக்கும் கோவம் இல்ல.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இரண்டு வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. ‘தமிழ்’ என்பதைக் குறுக்கே அடித்தேன், மேலே ‘தெலுங்கு’ என்று எழுதினேன், பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நாற்காலி என்னுடையது என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

மாலைக்குள் இன்னும் நாலு பேர். மாத முடிவில் முப்பது. எச்.எம். மிஸ்ஸிடம் போனால் மாற்றிக் கொடுப்பார் என்று தெருவுக்குத் தெரு பரவியிருந்தது. ஒரு தாய் எனக்கு முறுக்குக் கொண்டுவந்தார்.

தமிழ்ப் பிரிவில் மூத்தவர் ஒரு டீச்சர். தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவார், பெங்களூர் ஈஸ்ட்டில் இறங்கி நடந்து வருவார், தலை ஈரம் காயாமல் வகுப்பில் நிற்பார். எல்லோருக்கும் அவர் தங்கவயல் டீச்சர்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். என் மேஜைமேல் திறந்து கிடந்த பதிவேட்டை ஒருநாள் நின்றபடியே படித்தார்.

“ஆந்திராவுலேருந்து இவ்வளவு பேரா நம்ம ஸ்கூலுக்கு வர்றாங்க? கோங்கூரா ஊறுகாயாச்சும் கொண்டாரச் சொல்லுங்க மிஸ்.”

பயந்து வருகிறார்கள் டீச்சர், என்ன செய்வது என்றேன்.

“பயம் போயிடும். இங்க்கு போகாதே.”

இங்க்கு போகவில்லைதான். பயம்கூட அவர் சொன்னபடியே போனது, ஒரு வருடத்தில், ஒன்றரை வருடத்தில். பலகையிலிருந்து காலண்டரைக் கிழித்தோம், கிழிபடாத மூலையோடு தமிழ் வரி மறுபடி வெயில் காய்ந்தது. ஆனால் ஏழாவது கட்டம் அப்படியே தொடர்ந்தது. ஜூனில் சேர்க்கைக்கு வருபவர்களிடம் பெயர், பிறந்த தேதி எல்லாம் சத்தமாகக் கேட்பேன். ஏழாவது வந்ததும் என் குரல் தானாகத் தாழும். என்ன போடட்டும்? அவர்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள், அந்த டிசம்பரில் இந்த ஊரிலேயே இல்லாதவர்கள், பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குன்னு போடச் சொன்னாங்க என்பார்கள். ஏன் என்று அக்காவுக்கும் தெரியாது. அப்படிப் போட்டால்தான் சீட் கிடைக்கும் என்று சிலர் நம்பினார்கள். நான் விளக்கவில்லை. பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டேன். எங்கள் கிளார்க்கே வழக்கப்படி எழுதிவைப்பார், பக்கத்தின் அடியில் நான் கையெழுத்துப் போடுவேன். பின்கட்டடத்தில் தமிழ் எழுத்துகளைச் சேர்ந்து சொல்லும் சத்தம் என் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும், நான் மேஜையில் அந்தப் பிள்ளைகளைத் தெலுங்கர் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒவ்வொரு மே மாதமும் தங்கவயல் டீச்சர் ஒருமுறை சொல்வார், இந்த வருஷமாவது உள்ளதை எழுதுங்க மிஸ் என்று. அடுத்த வருஷம் பார்க்கலாம் டீச்சர் என்பேன். அவர் சிரிப்பார், நான் சிரிப்பேன். எவ்வளவு சிரித்திருக்கிறோம் அந்தப் பள்ளியில்.

மற்றபடி நான் உழைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டவைத்தேன். தண்ணீர் இணைப்புக்காக அலுவலகம் அலுவலகமாக உட்கார்ந்தேன், என் சேலை முந்தானைகள் எல்லாம் அந்த பெஞ்சுகளில் தேய்ந்தன. ஊர் மாறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கட்டடங்கள், கம்ப்யூட்டர், வாசலில் வரிசை. இங்லீஷ் செக்‌ஷனில் ஓர் இடத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். பின்கட்டடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள், ஆனாலும் இருந்தார்கள். கொத்தனார் பிள்ளைகள், இஸ்திரி வண்டிக்காரர் பிள்ளைகள், வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள் இடுப்பில் கைக்குழந்தையோடு கொண்டுவந்து விட்டுப்போகும் பிள்ளைகள். கடைசி வருடம் எழுபத்து நாலு பேர். அவர்களுக்காக ஒரு பிரிவு, மூன்று டீச்சர்கள்.

இரண்டாயிரத்து ஆறு தொடக்கத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிறுபான்மை மொழியில் பாடம் நடத்தும் பள்ளிகள், அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் தங்களிடம் எத்தனை பேர் என்று சேர்க்கைப் பதிவேட்டின்படி காட்ட வேண்டும். கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். பிறகு எழுந்துபோய் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பதிவேடுகளை எடுத்தேன்.

வந்த அதிகாரி மென்மையானவர். சர்க்கரை இல்லாத காபி கேட்டார், குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏழாவது கட்டத்தில் விரலை வைத்துப் பக்கம் பக்கமாக இறங்கினார். தெலுங்கு, தெலுங்கு, கன்னடம், தெலுங்கு. எழுபத்து நாலில் தமிழ் ஆறு பேர். அந்த ஆறும் கிளார்க் விடுப்பில் இருந்த நாட்களில் வேறு யாரோ எழுதியவை.

“மேடம், தெலுகு மக்களிகெ தமிளு யாகெ கலிஸ்தா இதீரி?”

தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஏன் தமிழில் கற்பிக்கிறேன். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்கு அவரவர் தாய்மொழியில் படிக்கும் உரிமை இருக்கிறது, நான் அதை மறுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது காகிதத்தில் தெரிந்த செய்தி. வகுப்புக்குள் போனார். முதல் பெஞ்சில் இருந்த பெண்ணிடம் வீட்டில் என்ன மொழி என்று கன்னடத்தில் விசாரித்தார். அவள் தமிள் சார் என்றாள். அடுத்தவளும். வெளியே வந்து புங்கமரத்தடியில் என்னைப் பார்த்தார். காதுக்குக் கேட்டதை அறிக்கையில் எழுத முடியாது, பதிவேட்டில் உள்ளதைத்தான் எழுத முடியும் என்றார். பதினைந்து நாள் தருகிறேன். ஒன்று, பெற்றோர்கள் எழுதிக் கொடுக்கட்டும். இல்லையென்றால் பதிவு எப்படித் தவறானது என்று தலைமையாசிரியர் நீங்கள் ஒரு விளக்கம் எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் நான் மேலே பேசிப் பார்க்கிறேன்.

எனவே விஷயம் எளிமையாக இருந்தது. நான் எழுதினேன் என்று நான் எழுத வேண்டும்.

நிர்வாகக் குழுத் தலைவரிடம் போனேன். கட்டடம் கட்டி விற்பவர், நிதானமாகப் பேசுபவர். எங்களில் ஒருவர்தான், வீட்டில் தமிழ்தான்.

“பொய்யா எழுதினேன்னு ஹெட்டே கைப்பட எழுதிக் கொடுத்தா, நாளைக்கு முன்பக்க ரிஜிஸ்டரையும் தோண்டுவாங்க மேடம். எழுபது பசங்களுக்காக எழுநூறு பேரை ரோட்டுல நிறுத்துவீங்களா?”

அவரிடம் பின்கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டப்போகும் மூன்று மாடியின் வரைபடம் ஏற்கெனவே இருந்தது. அது எனக்குத் தெரியும். அவர்தான் தடுத்தார் என்று இங்கே எழுதிவிட்டால் எவ்வளவு வசதி. ஆனால் அவர் அந்த வார்த்தைகளைச் சொல்வதற்காகத்தான் நான் போயிருந்தேன். படியிறங்கும்போது என் மூச்சு லேசாகியிருந்ததே, அதை நான் மறக்கவில்லை. மோசடி என்று ஒரு சொல் இருக்கிறது. விசாரணை என்று ஒன்று. பென்ஷன் என்று ஒன்று. இந்த மூன்றையும் எண்ணிப்பார்த்துவிட்டுத்தான், பெற்றோர்களைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு இருபது பேருக்குமேல் வரவில்லை. வேலை நாள், கூலி போகும். நான் தயாரித்து வைத்திருந்த படிவத்தைப் படித்துக் காட்டினேன், எங்கள் தாய்மொழி தமிழ் என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அம்மாக்கள் கூடிப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து, செக்‌ஷனை மூடிவிட்டால் பிள்ளைகளை இங்லீஷில் போட்டுவிடுவீர்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் இருவரும் முன்கட்டடத்தில் படித்தவர்கள்.

அந்த ஆட்டோ டிரைவரும் வந்திருந்தார். நான் முதலில் மாற்றியது அவருடைய பெண்ணின் வரியைத்தானே. அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், கடைசிப் பெண் எங்களிடம் ஐந்தாம் வகுப்பில். தலை முழுக்க நரைத்திருந்தது. படிவத்தைக் கையில் வாங்கி, மடக்கி, பிரித்து, திருப்பிக் கொடுத்தார்.

“பெரியவளுக்கு ஜாதி சர்டிபிகேட்டு, காலேஜு எல்லாம் உங்க டி.சி.யை வெச்சுதான் மிஸ் வாங்கினோம். அதுல தெலுங்கு. இப்ப சின்னவளுக்குத் தமிழுன்னு எழுதினா, ஒரே வூட்டுல எப்படி ரெண்டுன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்றது?”

அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எது எழுதினாலும் எங்க நல்லதுக்குத்தான் எழுதுவீங்க.”

ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் இரண்டு கைநாட்டு. திங்கட்கிழமை ஒருவர் வந்து, வீட்டுக்காரர் திட்டுகிறார் என்று தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மதியம் தங்கவயல் டீச்சர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

“அவங்க தலையில ஏன் மிஸ் கட்டுறீங்க? எழுதினது நீங்க. ஒரு கடுதாசி போதும்னு அந்த ஆபீசரே சொல்லிட்டாரு.”

“எனக்கு வேலை போயிடும் டீச்சர்.”

“எனக்குப் போகப்போகுதே.”

சாதாரணமாகத்தான் சொன்னார், ரயில் தாமதம் என்று சொல்வதுபோல. என் கண்ணைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த உலக உருண்டையை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் எழுதுகிறேன் என்றேன். சத்தியமா என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் உறவு எங்களுடையது இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

எழுதவும் செய்தேன். நாலு முறை. முதல் முறை ‘அன்றைய சூழ்நிலையில்’ என்று தொடங்கியது. இரண்டாவதில் ‘அறியாமல் நேர்ந்த பிழை’. அறியாமலாம். மூன்றாவதில் பழைய கிளார்க்கின் பெயர் வந்துவிட்டது, இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போன மனிதர், கிழித்துப் போட்டேன். நாலாவதை அழகாகப் படியெடுத்து, உறையில் வைத்து, கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தேன். பதினைந்தாம் நாள் காலை டீச்சர் வகுப்பு வாசலில் இருந்தே, எடுத்துக்கிட்டீங்களா என்று தலையை அசைத்துக் கேட்டார். கைப்பையைத் தட்டிக் காட்டினேன்.

கல்வி அலுவலகத்தில் அந்த அதிகாரியின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மின்விசிறி காகிதங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூழாங்கல் வைத்திருந்தார். நாலு பெற்றோரின் படிவத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் எதற்கோ கையை நீட்டியபடியே இருந்தார்.

“இஷ்டேனா மேடம்?”

இவ்வளவுதானா என்கிறார். கைப்பை என் மடியில் இருந்தது. ஜிப்பின் வளையத்தை விரலில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இஷ்டே” என்றேன்.

அவர் கையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்காக வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து டீச்சரிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். என்ன கொடுத்தேன் என்று சொல்லவில்லை. மூன்று வாரம் அந்தப் பொய்யோடு ஒரே வளாகத்தில் நடமாடினேன். அவர் என்னிடம் ஒருமுறைகூட என்ன ஆச்சு என்று விசாரிக்கவில்லை. நம்பினார். ஒருநாள் ரயிலில் விற்கும் கடலை மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு உத்தரவு வந்தது. தமிழ்ப் பிரிவை இந்தக் கல்வியாண்டோடு நிறுத்துவது. மூன்று ஆசிரியர்களும் உபரி. கன்னடத்தில் ஒன்றரைப் பக்கம். இரண்டாம் பத்தியில் ஒரு வரி: போதிய அவகாசம் அளித்தும் தலைமையாசிரியர் விளக்கம் எதுவும் தரவில்லை. அதைப் பியூன் டீச்சர்கள் அறையில்தான் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் தங்கவயல் டீச்சர் படித்து முடித்திருந்தார். அவருக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகப் படிக்க வரும்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

“முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம் மிஸ். எனக்குப் பத்து நாளாச்சும் இருந்துச்சு. நான் வீடு வீடா நடந்திருப்பேன்.”

நடந்திருப்பார். அதுதான் விஷயம். நாற்பது கையெழுத்தாவது வாங்கியிருப்பார், அந்த வாய்க்கும் அந்தக் கால்களுக்கும். என் கோழைத்தனம் என்னுடையது, அதற்கு எனக்கு உரிமை உண்டு என்றுகூட வாதிடலாம். அவருடைய அந்தப் பத்து நாளைக் கைப்பைக்குள் போட்டு ஜிப் இழுத்தேனே, அதற்கு என்ன வாதம்.

அவரை அத்திபெலேக்கு அப்பால் ஒரு கன்னடப் பள்ளிக்கு மாற்றினார்கள். தங்கவயலிலிருந்து ரயில், பிறகு இரண்டு பஸ். அடுத்த கோடை விடுமுறை வரை போனார். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எழுபத்து நாலு பிள்ளைகள் முன்கட்டடத்துக்கு வந்தார்கள், கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று சிரித்தார்கள். ஒரு வருடத்தில் பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பின்கட்டடத்தின் ஓடுகளை இறக்கி அடுக்கியபோது எனக்கு ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. புதுக் கட்டடத்தின் கம்ப்யூட்டர் கூடத்துக்கு என் பெயரை வைக்கலாம் என்றார் தலைவர். வேண்டாம் என்றேன். என் அடக்கத்தைக் குழுவில் எல்லோரிடமும் பாராட்டினாராம்.

ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு கேட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்று போட்டேன்.

பென்ஷன் உத்தரவு கைக்கு வந்த வாரம் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை ஐந்தாம்முறை எழுதினேன். இந்த முறை அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரே பக்கம். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, உண்மை தெரிந்தே, நான் எழுதினேன், நான் கையெழுத்திட்டேன். எடுத்துக்கொண்டு தங்கவயலுக்கு ரயில் ஏறினேன். அவர் தினமும் வந்த தூரம் எவ்வளவு என்று அதுவரை எனக்குத் தெரியாது. பங்காருபேட்டையில் வண்டி நின்றபோதே இடுப்பு விட்டுப்போயிருந்தது. சுரங்கம் மூடிய ஊர். அரைத்துக் கொட்டிய மண் சாம்பல் மலைகளாக நின்றது, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் துணிக்கொடிகளில்கூட அந்த வெள்ளைப் புழுதி.

முன்னறையில் பாய் விரித்து ஏழெட்டுப் பெண் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, வாங்க மிஸ் என்று நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். தமிழா சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டேன், வாய்க் கொழுப்புதான்.

“இங்லீஷு. கேக்குறது அதுதானே.”

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா எழுதியிருக்கீங்க மிஸ். ஒரு வார்த்தை குறையில்ல. தேதி மட்டும்தான் தப்பு.”

அனுப்பட்டுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே, தண்டனை எப்போது என்று கேட்கும் மாணவியின் குரல்போல இருந்தது.

“அனுப்புங்க. உங்களுக்கு மனசு ஆறும்னா அனுப்புங்க. எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க.”

மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாயில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தார். மிஸ் கிளம்புறாங்க, எழுந்து சொல்லுங்க என்றார் பிள்ளைகளிடம். அத்தனை பேரும் எழுந்து நின்று ஒரே குரலில், குட் ஆஃப்டர்நூன் மிஸ் என்று இழுத்துப் பாடினார்கள். நான் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை பத்து நாளில் திரும்பி வந்தது, யாரோ ஒருவரின் முத்திரையோடு. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று இஸ்திரி போட்ட சேலை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மழைக்காலம் போனது, தசரா போனது. அந்த மென்மையான அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. இல்லாத ஒரு பிரிவைப் பற்றி ஓய்வுபெற்ற ஒருத்தி எழுதியதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.